மூன்றாம் மாடியில் சாவி, கீழே கார்: கண்ணாடியை இறக்கியது யார்?

வேளச்சேரியில் மூன்றாம் மாடியில் உங்கள் வீடு, கீழே திறந்தவெளியில் கார் நிற்கிறது. போன மாதம் இரண்டு நாள் காலையில் போய்ப் பார்த்தபோது கண்ணாடிகள் இறங்கிக் கிடந்தன. இரண்டாவது தடவை ராத்திரி மழை பெய்து சீட் எல்லாம் ஊறிவிட்டது. எதுவும் திருடு போகவில்லை, யாரும் உள்ளே வரவில்லை என்று வாட்ச்மேனும் சொல்கிறார். பால்கனி ஓரம் சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கும்போது ரிமோட் சாவி ஷார்ட்ஸ் பாக்கெட்டிலேயே இருக்கும் என்பதால் அதுதான் அமுங்கியிருக்குமோ என்று உங்களுக்குச் சந்தேகம். ஆனால் கீழே நின்று சோதித்தால் இருபது தப்படிக்கு மேல் ரிமோட் எடுக்கவில்லை, அப்புறம் எப்படி மூன்றாம் மாடியிலிருந்து எடுக்கும் என்று கேட்கிறீர்கள். மூன்று வயதுப் பையன் சாவியை வைத்து அமுக்கி விளையாடுவதால் காருக்கும் சாவிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுமா என்பது கடைசிக் கேள்வி. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இது சாவி செய்த வேலையா, ஆள் செய்த வேலையா, காரில் கோளாறா? ரேஞ்ச் எத்தனை மீட்டர் என்பது அதற்கு அடுத்தபடிதான் வரும்.

நான் கோவையில் 21 வருடமாகக் கார் எலக்ட்ரிகல் வேலை செய்கிறேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பெரும்பாலும் சாவி, சென்ட்ரல் லாக், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் ஆக விடாத அமைப்பு) வேலைதான். உங்கள் காரைத் தொட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. இருந்தாலும் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சாவிதான் என்று என் கணிப்பு. அதை உறுதிசெய்ய என் உதவி வேண்டாம், உங்கள் கண்ணே போதும்.

முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை கண்ணாடி இறங்கியிருந்தது, எந்த அளவுக்கு இறங்கியிருந்தது என்பது. பல கார்களில் அன்லாக் பட்டனை இரண்டு மூன்று விநாடி விடாமல் அழுத்தினால் நான்கு கண்ணாடியும் சேர்ந்து இறங்கும். வெயிலில் நின்ற காரில் ஏறுவதற்கு முன்னால் சூடு வெளியேறட்டும் என்று கொடுத்த வசதி அது. இந்தக் கட்டளையில் இறங்கிய கண்ணாடிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும். பாதியில் விரல் விலகினால் பல கார்களில் அந்த இடத்திலேயே நின்றுவிடும், அப்போதும் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நிற்கும். மாறாக ஒரே ஒரு கண்ணாடி மட்டும் இறங்கியிருந்தால் சாவியை விட்டுவிட்டு அந்தக் கதவைப் பாருங்கள். கதவு சுவிட்சுக்குள் தண்ணீர் போயிருக்கலாம், கதவுக்கும் அது மாட்டியிருக்கும் தூணுக்கும் (பில்லர்) நடுவே மடங்கி மடங்கி நீளும் ஒயர் தேய்ந்து ஒன்றோடொன்று தொட்டிருக்கலாம்.

இரண்டாவது அடையாளம் இன்னும் முக்கியம். காலையில் போனபோது கதவுகள் பூட்டியிருந்தனவா, திறந்திருந்தனவா? ரிமோட்டில் அன்லாக் செய்துவிட்டு எந்தக் கதவையும் திறக்காமல் விட்டால், பெரும்பாலான கார்கள் சுமார் 30 விநாடியில் தாமே மறுபடி பூட்டிக்கொள்ளும். பாக்கெட்டில் தவறுதலாக அமுங்குவதை நினைத்தே வைத்த பாதுகாப்பு அது. ஆனால் அப்படிப் பூட்டிக்கொள்ளும் கார் கதவை மட்டும்தான் பூட்டும், இறங்கிய கண்ணாடியை ஏற்றாது. ஆகவே கண்ணாடி நான்கும் கீழே, கதவு நான்கும் பூட்டியபடி என்று இருந்தால் அது கிட்டத்தட்ட சாவியின் கைரேகை மாதிரிதான். நீண்ட அழுத்தம் விழுந்திருக்கிறது, அதற்குப் பிறகு யாரும் கதவைத் திறக்கவில்லை. திருட வந்தவன் கதவைத் திறக்காமல் நான்கு கண்ணாடியையும் இறக்கி வைத்துவிட்டுப் போவதை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. மூன்றாவதாக, காரில் இந்த நீண்ட அழுத்த வசதி இருக்கிறதா என்று இன்றைக்கே காருக்குப் பக்கத்தில் நின்று அழுத்திப் பாருங்கள். இல்லாவிட்டால் என் கணிப்பு முழுக்கத் தவறு, உடனே எலக்ட்ரிகல் பக்கம் போக வேண்டும்.

சரி, ரேஞ்சுக்கு வருவோம். இந்தியாவில் விற்கும் கார்களின் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன, ஐரோப்பாவிலும் அதுதான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகாஹெர்ட்ஸ் அதிகம். 433.92 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 69 சென்டிமீட்டர், அதற்கு ஒழுங்கான ஆன்டெனா வைத்தால் அதில் கால்பங்கு, அதாவது 17 சென்டிமீட்டர் வேண்டும். சாவிக்குள் அதற்கு இடம் எங்கே இருக்கிறது? போர்டின் ஓரத்தைச் சுற்றி ஓடும் ஒரு சின்னச் செம்புக் கோடுதான் அங்கே ஆன்டெனா. போடுகிற சக்தியில் மிகக் கொஞ்சம்தான் வெளியே போகும். ஆகவே ரிமோட்டின் ரேஞ்ச் கம்பெனி எழுதிக்கொடுத்த ஓர் எண்ணாக நிற்காது. எங்கே நிற்கிறீர்கள், எப்படிப் பிடிக்கிறீர்கள், நடுவில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே சாவி ஒரே நாளில் பத்து மீட்டரும் எடுக்கும், ஐம்பதும் எடுக்கும்.

தரையில் நின்று நீங்கள் செய்த சோதனைதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. இடுப்புயரத்தில் சாவி, கிட்டத்தட்ட அதே உயரத்தில் காருக்குள் ரிசீவர், நடுவில் மற்ற கார்களின் தகரம். இது போதாதென்று நேராகப் போகும் அலையும் தரையில் பட்டுத் தெறிக்கும் அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வெட்டவெளியில் தூரம் இரட்டித்தால் சிக்னல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். தரையை ஒட்டி, இருபது மீட்டரைத் தாண்டியபின், இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். கீழே நின்று சோதிக்கிறவர்களுக்கு ஓர் இடத்தில் பட்டென்று நின்றுபோவது அதனால்தான். மாடியிலிருந்து பார்க்கும்போது இந்தத் தொந்தரவுகள் பெரும்பாலும் இல்லை. அலை மேலிருந்து சாய்வாக வந்து முன் கண்ணாடி வழியாகவோ பக்கக் கண்ணாடி வழியாகவோ உள்ளே இறங்குகிறது. காரின் உடம்பு இரும்பு, கண்ணாடிதான் அலைக்கு வாசல்.

தூரத்தையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் மாடி சோபா தரையிலிருந்து சுமார் 10 மீட்டர் உயரம். கார் கட்டடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் சாவிக்கும் காருக்கும் நேர்க்கோட்டுத் தூரம் 18 மீட்டர்தான். உங்கள் இருபது தப்படியும் 15 மீட்டர் வரும். லிப்டில் இறங்கி, வராந்தா சுற்றி, கேட் வரை நடந்து காரை அடைவதால் நமக்கு அது வெகுதூரமாகத் தோன்றுகிறது. அலைக்கு லிப்ட் தேவையில்லை.

ஆனால் பாக்கெட்டில் இருக்கும்போது உடம்பு அதைத் தடுக்காதா என்று கேட்பீர்கள். தடுக்கவும் செய்யும், உதவவும் செய்யும். உடம்பில் பெரும்பகுதி உப்புத் தண்ணீர். சாவிக்கும் காருக்கும் நடுவே உடம்பு வந்தால் சிக்னலை நன்றாகவே விழுங்கும். சாவி உடம்பை ஒட்டி, காரைப் பார்த்த பக்கம் இருந்தால் அதே உடம்பு அந்தச் சின்ன ஆன்டெனாவோடு சேர்ந்துகொண்டு வீச்சைக் கூட்டவும் கூடும். தாடைக்கு அடியில் சாவியை வைத்து அழுத்தினால் கூடுதல் தூரம் எடுக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கட்டுக்கதை இல்லை. நானே பட்டறை வாசலில் பல தடவை செய்து பார்த்திருக்கிறேன், தண்ணீர் நிரம்பிய ஐந்து லிட்டர் கேனை ஒட்டிப் பிடித்தும் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் சில தப்படி கூடத்தான் வருகிறது. எந்தச் சாவிக்கு, எந்த உடம்புக்கு எவ்வளவு கூடும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் தொடையில் இருந்த சாவி அன்றிரவு எப்படி நடந்துகொண்டது என்பதையும் நான் இங்கிருந்து சொல்ல முடியாது. எட்டியிருக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோதனை சுலபம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒருவரைக் கார் பக்கத்தில் நிறுத்துங்கள், நீங்கள் வழக்கம்போல அதே சோபாவில் அதே ஷார்ட்ஸோடு உட்காருங்கள். துணிக்கு மேலாகவே லாக் பட்டனைப் பத்து முறை அழுத்துங்கள், கீழே எத்தனை முறை இண்டிகேட்டர் மின்னியது என்று அவர் எண்ணட்டும். பிறகு பால்கனியில் நின்று பத்து, படுக்கையறையில் பத்து. பத்தில் இரண்டு எட்டினாலும் போதும், ஒரு மாதத்தில் இரண்டு தடவை கண்ணாடி இறங்க அது தாராளம்.

ஒரு விஷயம், மேலே இருந்து இறங்கிய கண்ணாடியை மேலேயிருந்தே ஏற்றிவிடலாம் என்று நம்ப வேண்டாம். ரிமோட்டில் ஏற்றும் வசதி உள்ள கார்களிலும் அது பெரும்பாலும் பக்கத்தில் நின்றால்தான் வேலை செய்யும். விரலோ கழுத்தோ சிக்கினால் தானே பின்வாங்காத கண்ணாடிகளை 6 மீட்டருக்கு அப்பாலிருந்து ரிமோட்டில் மூட முடியக்கூடாது என்றும், நேர்ப்பார்வையில் இருந்தால் மட்டும் 11 மீட்டர் வரை போகலாம் என்றும் அமெரிக்கப் பாதுகாப்பு விதி 118 சொல்கிறது. ஐரோப்பிய விதியும் இதே போக்குதான். இறக்குவதில் யாருக்கும் அடிபடாது என்பதால் அதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பல கார்களில் இறக்குவது தூரத்திலிருந்தும் நடப்பதும் ஏற்றுவது நடக்காததும் இதனால்தான்.

பேட்டரி, குறுக்கீடு இரண்டைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட் லித்தியம் செல். புதிதாக இருக்கும்போது மல்டிமீட்டரில் 3.2 வோல்ட் பக்கம் காட்டும். 2.8க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுங்கள். சும்மா வைத்துப் பார்த்தால் 3 வோல்ட் காட்டிவிட்டு, பட்டனை அழுத்தும் நொடியில் துவண்டுவிடும் பழைய செல்லும் உண்டு. ரேஞ்ச் மெல்ல மெல்லக் குறைந்தால் செல், ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யாவிட்டால் அங்கே வேறு ஏதோ அதே அலைவரிசையில் இரைகிறது என்று பொருள். 2019இல் அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்து நார்த் ஓல்ம்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு தெருவட்டாரம் முழுக்கக் கார் ரிமோட்டும் கராஜ் கதவு ரிமோட்டும் வாரக்கணக்கில் முடங்கின. தேடிப் போனால், ஒரு வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் ஆர்வமுள்ள ஒருவர் தன் உபயோகத்துக்குச் செய்துவைத்த கருவி 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அவருக்கே அது தெரியாது. அதன் பேட்டரியைக் கழற்றியதும் எல்லாம் சரியானது. நம் பக்கத்தில் மலிவான கார் சார்ஜர், டேஷ்கேம், ஒயர் இல்லாத காலிங் பெல் ஆகியவற்றால் இதே தொல்லை சின்ன அளவில் வந்து நான் சரிசெய்திருக்கிறேன். உங்கள் இருபது தப்படி கொஞ்சம் குறைவுதான், ஆகவே செல்லை ஒருமுறை பார்த்துவிடுங்கள். புது செல் போட்டால் ரேஞ்ச் கூடும், அதோடு பாக்கெட்டில் அமுங்கினால் கார் எடுக்கும் வாய்ப்பும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

இனி, பட்டன் ஏன் தானாக அமுங்குகிறது என்பது. எனக்கு அதிகம் வரும் வேலை இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரப்பர் பேடுக்கு அடியில் போர்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கால் மில்லிமீட்டர் அசைந்தால் போதும், அது வேலை செய்துவிடும். அதற்கு வேண்டிய விசை இருநூறு கிராம் எடை விரலில் அழுத்துவது போலத்தான், தொடைக்கும் செல்போனுக்கும் நடுவில் மாட்டிய சாவிக்கு அது ஒன்றுமே இல்லை. புதுச் சாவியில் பட்டன் மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளே தாழ்ந்திருக்கும், அந்தப் பள்ளம்தான் பாதுகாப்பு. நான் பார்த்த அளவில் அந்தப் பாதுகாப்பைக் கெடுப்பது மூன்று சமாசாரம். முதலாவது, ஆசையாக வாங்கிப் போடும் சிலிக்கான் கவர். அளவு சரியாக இல்லாவிட்டால் அது பட்டன்மேல் இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும். சாவியை லேசாக வளைத்தாலே அமுங்கிவிடும். இரண்டாவது, உடைந்த கூட்டை மாற்றிப் போடும் வெளிக்கடை ஷெல். அதன் ரப்பருக்கு அடியில் இருக்கும் மொட்டு அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் சுவிட்ச் எப்போதும் பாதி அமுங்கியே இருக்கும். மூன்றாவது, சுவிட்சே தேய்ந்து போவது. அழுத்தினால் வரும் ‘டிக்’ என்ற உணர்வு விரலுக்கு வராது, மாவுபோல அமுங்கும். அப்படி இருந்தால் அந்தச் சுவிட்சை மட்டும் ஈயம் உருக்கி எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம். சின்ன வேலை, புதுச் சாவி வாங்கச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பையன் அமுக்கி விளையாடுவதால் தொடர்பு அறுந்துவிடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சாவி புதுப் புதுக் குறியீடு அனுப்பும், இதை ரோலிங் கோட் என்பார்கள். சாவியிலும் காரிலும் ஒரே மாதிரி டோக்கன் புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி ஒரு டோக்கனைக் கிழித்தால் கார் அதைப் பார்த்துத் தன் புத்தகத்திலும் அதே பக்கத்துக்கு வரும். கார் கேட்காத தூரத்தில் அமுக்கினால் சாவி மட்டும் முன்னே போய்விடும், கார் பின்தங்கும். இதற்கு ஏற்பாடு இருக்கிறது. கீலாக் என்ற பரவலான முறையின் வழக்கமான அமைப்பில், சாவி 16 டோக்கன் வரை முன்னே போயிருந்தால் கார் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் சுமார் 32,000 வரை போயிருந்தால் முதல் அழுத்தத்தை ஒதுக்கிவிட்டு, அடுத்ததும் வரிசையாக வந்தால் ஏற்றுக்கொள்ளும். வீட்டில் பிள்ளைகள் விளையாடிய சாவி காலையில் முதல் தடவை எடுக்காமல் இரண்டாவது தடவை எடுப்பது இதனால்தான். அதற்கும் அப்பால் போனால்தான் கார் சாவியை அந்நியமாகப் பார்க்கும். பையன் தினம் 500 தடவை அமுக்கினாலும் அந்த எல்லையைத் தொட இரண்டு மாதம் ஆகும், அதுவும் நடுவில் ஒருமுறைகூட நீங்கள் ரிமோட்டில் காரைத் திறக்காமல் இருந்தால்தான். வேறு சில அமைப்புகளில் இந்த எல்லை 256 மாதிரிக் குறைவாக இருக்கும், அங்கே ஒரே மாலையில் அறுந்துபோவதும் நடக்கும். அப்படி அறுந்தாலும் பயப்பட வேண்டாம். இரும்புச் சாவியால் கதவைத் திறந்து, இக்னிஷன் போட்டு, பட்டனை அழுத்துவது போன்ற ஒரு முறையில் பல கார்கள் மறுபடி சேர்ந்துகொள்ளும், அந்தந்தக் காரின் கையேட்டில் அது இருக்கும். எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதைக் கவனிப்பது சாவிக்குள் தனியாக இருக்கும் சிப். அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில், பேட்டரியே இல்லாமல், காரிடமிருந்து சக்தி வாங்கிப் பேசுகிறது.

எனக்கு உண்மையான கவலை வேறு இடத்தில். மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தச் சாவியை விளையாடக் கொடுக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். அழுகையை நிறுத்தச் சாவியைக் கையில் கொடுத்துச் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, அம்மா கதவைச் சாத்திக்கொண்டு மறுபக்கம் சுற்றி வருவதற்குள் குழந்தை லாக்கை அமுக்கிவிடும். இப்படிப் பதறி வரும் போன் எனக்கு ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. ஸ்டான்போர்டு மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது, அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. இன்னொரு சாவி சில நிமிடத்தில் கைக்கு எட்டாவிட்டால் எனக்காகவோ வேறு மெக்கானிக்குக்காகவோ காத்திருக்காமல், குழந்தைக்குத் தூரமான பக்கக் கண்ணாடியை உடைத்துவிடுங்கள். இன்னொன்று, சாவிக்கூடு திறந்து அந்த 20 மில்லிமீட்டர் செல்லைப் பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே பலமாக அரித்துவிடும். விழுங்கினானோ என்ற சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிதான்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கவர் போட்டிருந்தால் கழற்றுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, பையனுக்கு எட்டாத உயரத்தில் வாசல் பக்கச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டுங்கள். தொங்குகிற சாவியை எதுவும் அமுக்காது. எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டு வைப்பதும் நல்லதுதான், ஆனால் உங்கள் பிரச்சினைக்கு ஆணியே போதும். நீண்ட அழுத்தத்தில் கண்ணாடி இறங்கும் வசதியைச் சில கார்களில் டச் ஸ்கிரீன் செட்டிங்கிலோ, சர்வீஸில் ஸ்கேனர் போட்டோ அணைத்துவிடலாம், சர்வீஸுக்கு விடும்போது கேட்டுப் பாருங்கள். நனைந்த சீட்டின் அடியில் ஒயர் கனெக்டர்கள் இருக்கும், கார்ப்பெட்டைத் தூக்கி நன்றாகக் காய வையுங்கள். பச்சை பூத்துவிட்டால் ஆறு மாதம் கழித்து வேறு தொந்தரவு கொடுக்கும். சாவி ஆணியில் இருந்தும் மறுபடி ஒரு நாள் கண்ணாடி இறங்கியிருந்தால் எதையும் தொடுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துவிட்டு, எத்தனை கண்ணாடி, எந்த மட்டம், கதவு பூட்டியிருந்ததா, கார் எந்த மாடல், எந்த வருடம் என்று இதே இடத்தில் எழுதுங்கள். அப்போது கதவு ஒயரிங்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.